மானாவாரிக் கொல்லிக்கு ஹைட்ரோஜெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒடுகத்தூர் பக்கம் மரக்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறேன். ஆனி, ஆடியில் கன்று வாங்க வருகிறவர்கள் விலை பேசி முடித்ததும் அடுத்துக் கேட்பது இந்த ஜெல்லைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் யாராவது வீடியோ அனுப்பியிருப்பார்கள். டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூடக் கொட்டாது. அதைப் பார்த்துவிட்டு வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாயால் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். பழைய வட ஆற்காட்டின் செம்மண்ணையும் சரளையையும் மனதில் வைத்து எழுதியது இது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும் மண் மாறவில்லை.

இந்த ஜெல்லுன்றது என்னாங்க, உரமா, மருந்தா?

இரண்டும் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள மண் காயக் காயத் திருப்பித் தருகிற பொருள், அவ்வளவுதான். பயிருக்குச் சத்து எதுவும் கொடுக்காது, பூச்சியையும் கொல்லாது. வாங்கும்போது பொடியாகவோ குருணையாகவோ இருக்கும். ஊறினால் வெந்த ஜவ்வரிசி மாதிரி வழுவழுப்பாகிவிடும்.

உள்ளே இருப்பவை நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். தண்ணீர் பட்டதும் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன, விரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே முடிச்சு இருப்பதால் தண்ணீரில் கரைந்து போகாமல் கட்டியாக நிற்கிறது. 1970-களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் மக்காச்சோள மாவை வைத்து இப்படி ஒன்றைச் செய்தபோதுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. நம் நாட்டில் அதிகம் பேர் சொல்லக் கேட்பது பூசா ஹைட்ரோஜெல். டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முழுக்கச் செயற்கையான பாலிஅக்ரிலேட், பாலிஅக்ரிலமைடு வகைகளும் கடையில் கிடைக்கின்றன.

350 மடங்கு தண்ணி பிடிக்கும்னு போட்டிருக்கே, நெஜமா?

நிஜம்தான், சுத்தமான தண்ணீரில். ஒரு கிராம் பூசா ஜெல் உப்பில்லாத தண்ணீரில் 350 கிராம் வரைக்கும், அதற்கு மேலும்கூட எடுக்கும். 40, 50 டிகிரி சூட்டிலும் வேலை செய்யும்படி உருவாக்கியது என்பதால் நம் சித்திரை வெயிலில் மண்ணுக்குள் இருந்தாலும் கெட்டுவிடாது.

ஆனால் கொல்லியில் (புன்செய் நிலத்தில்) இருப்பது சுத்தமான தண்ணீர் இல்லை. போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது, மண்ணிலும் உரத்திலும் உப்பு இருக்கிறது. போதாததற்கு மேலே மண் அழுத்துவதால் டம்ளரில் விரிகிற அளவுக்கு மண்ணுக்குள் அது விரியவும் முடியாது. ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணில் பாதி கிடைத்தாலே நல்லது என்று கணக்குப் போடுங்கள். உங்கள் தண்ணீரில் எவ்வளவு பிடிக்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம், அந்த வழியைப் போர் தண்ணீர் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

மழையே இல்லாட்டியும் இது தண்ணி கொடுக்குமா? காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்குமாமே?

கொடுக்காது. திறந்து வைத்த பாக்கெட் காற்று ஈரத்தில் கட்டி தட்டிப் போகும், அதோடு சரி. அந்த ஈரம் ஒரு செடிக்கும் உதவாது. வந்த மழையை, விட்ட தண்ணீரைப் பிடித்து வைக்க மட்டும்தான் ஜெல்.

நம் பக்கத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 முதல் 1,000 மி.மீ. மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் நமக்குப் பங்கு உண்டு. மொத்த மழையைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆடிப்பட்டத்தில் விதைத்துவிட்டு ஆவணியில் இரண்டு மூன்று வாரம் வானத்தைப் பார்க்கிறோமே, தொல்லை அந்த இடைவெளியில்தான். ஜெல் ஏதாவது செய்ய முடியும் என்றால் அந்த இடைவெளியில்தான் செய்ய முடியும்.

ஏக்கருக்கு எவ்ளோ போடணும்? எங்க ஊர்ல காணிக் கணக்குதான்.

பூசா ஜெல்லுக்கு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ என்று பரிந்துரை. ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரும். காணி என்றால் 1.32 ஏக்கர், அதற்கு ஏறக்குறைய 1.3 முதல் 2.6 கிலோ. மணல் அதிகமானால் மேல் அளவு, கொஞ்சம் பசையுள்ள மண்ணானால் கீழ் அளவு.

ரெண்டு கிலோ ஜெல்லு ஒரு ஏக்கர் மல்லாட்டையைக் காப்பாத்திடுமா?

இந்த மல்லாட்டை (நிலக்கடலை) கேள்விக்கு மட்டும் கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இரண்டு கிலோ, 350 மடங்கு என்றால் 700 லிட்டர் தண்ணீர். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 4,000 லிட்டர். அதாவது ஜெல் முழுக்க ஊறினாலும் பிடித்து வைப்பது ஒரு மி.மீ. மழையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். நன்றாகத் தழைத்த மல்லாட்டை வெயில் நாளில் 4 மி.மீ. போல இழுக்கும், ஏக்கருக்கு 16,000 லிட்டர். 700 லிட்டர் அதற்கு ஒரு மணி நேரத்துக்குக்கூட வராது.

செடிக் கணக்கில் பார்த்தாலும் அதே கதைதான். 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 1,30,000 செடிக்கு மேல் நிற்கும். 700 லிட்டரைப் பங்கு போட்டால் ஒரு செடிக்கு 5 மி.லி., ஒரு தேக்கரண்டி. அதுவும் சுத்தமான தண்ணீரில்.

அப்படியானால் மகசூல் கூடியது என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதெல்லாம் பொய்யா? இல்லை. ஜெல்லை நிலம் முழுக்க இறைக்காமல் விதைச்சாலில் விதையோடு போட்டால் அந்தத் தேக்கரண்டித் தண்ணீர் வேரடியில் நிற்கிறது. முளைத்து வருகிற குருத்துக்கு, இலை விரியாத பத்து இருபது நாளில், தேவையும் கொஞ்சம்தான். ஒவ்வொரு தூறலுக்கும் ஜெல் திரும்ப நிரம்பிக்கொள்ளும். முளைப்பு ஒரே சீராக வர, ஆரம்ப வாட்டத்தைத் தாங்க இது உதவலாம். ஆனால் பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கிற நேரத்தில் மூன்று வாரம் மழை தவறினால் 2 கிலோ ஜெல்லால் அந்தப் பயிரைக் காப்பாற்ற முடியாது. நகையை வைத்து விதை வாங்கிப் போடுகிறவர் இதை நம்பிக் கூடுதலாகச் செலவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

அப்ப எதுக்குத்தான் போடலாம்னு சொல்றீங்க?

செடி குறைவாகவும், ஒவ்வொரு செடியின் மதிப்பு அதிகமாகவும் இருக்கிற இடத்தில். மேலே பார்த்த அதே 2 கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கன்று 10-க்கு 10 மீட்டரில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. கன்றுக்கு 50 கிராம் வருகிறது. பாதிக்கும் குறைவாக ஊறினாலும் ஒவ்வொரு கன்றின் காலடியிலும் ஏழெட்டு லிட்டர் நிற்கும். மல்லாட்டைக்குத் தேக்கரண்டி, மாங்கன்றுக்கு அரைக் குடம். அதே பாக்கெட், அதே விலைதான்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மேட்டுக் கொல்லியில் மாங்கன்று வைத்து, டிராக்டரில் டேங்க் கட்டித் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இதனால் பலன் உண்டு. தண்ணீர் விடுகிற இடைவெளியைச் சில நாள் தள்ளிப்போடலாம். முதல் கோடையைத் தாண்டிய கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால் அந்தச் சில நாள் பெரிய விஷயம். கொய்யா, சீத்தா, நெல்லி, புளி, வேலியோர மரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காய்கறி நாற்று நடவு, நாற்றங்கால் பை, வீட்டு மாடித் தொட்டி ஆகியவற்றுக்கும் போடலாம்.

மாங்கன்று குழியில எப்படிப் போடறது? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. வெயிலில் ஆறவிட்ட குழியாக இருந்தால் நல்லது. மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவித்திருப்பீர்கள். மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து குழியின் பாதி வரை நிரப்பி லேசாக மிதியுங்கள். இந்த அடிப்பகுதிக்கு ஜெல் வேண்டாம். இனி வேர்க்கட்டியைச் சுற்றிப் போடப்போகிற மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி, 30 முதல் 50 கிராம் ஜெல்லை அதன் மேல் தூவி, மண்வெட்டியால் மூன்று நான்கு முறை புரட்டுங்கள். மண் காய்ந்திருக்க வேண்டும், கையும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் குருணை விரலில் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் திரண்டுவிடும்.

பையைக் கிழித்து, வேர்க்கட்டி உடையாமல் கன்றை வைத்து, கலந்த மண்ணைச் சுற்றிப் போடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மேலே நான்கு விரற்கடைக்கு ஜெல் கலக்காத மண். அப்புறம் தண்ணீர். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரே மூச்சில் இரண்டு குடம் ஊற்றினால் ஜெல் ஊறுவதற்குள் தண்ணீர் கீழே இறங்கிவிடும். ஒரு குடம் ஊற்றி, அரை மணி விட்டு இன்னொரு குடம், சாயங்காலம் மூன்றாவது குடம் என்று நிதானமாக ஊற்றுங்கள். மறுநாள் பார்த்தால் மண் கொஞ்சம் உப்பியிருக்கும். மிதிக்காமல் கையால் அழுத்தி, தேவையான இடத்தில் மண் சேருங்கள்.

இரண்டு விஷயம் செய்யவே கூடாது. ஜெல்லைக் கைப்பிடியாக அள்ளி வேரடியில் கொட்டக் கூடாது. ஊறும்போது கட்டியாக நிற்கும், காயும்போது சுருங்கி அந்த இடம் பொந்தாகி வேர் காற்றில் தொங்கும். "தாராளமா இருக்கட்டும்" என்று 200, 300 கிராம் போடவும் கூடாது. உப்பலில் கன்றே மேலே எழும்பிவிடும்.

காஞ்சதா போடறது நல்லதா, ஊற வெச்சுப் போடறதா?

மழை நிச்சயம் என்ற நேரத்தில் காய்ந்ததாகவே போடலாம், கலப்பதும் சுலபம். மழை சந்தேகமாக இருந்தால், அல்லது போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் முந்தின இரவே பக்கெட்டில் ஊறவைத்துக் கலந்து போடுவது நல்லது. காய்ந்த ஜெல் முதலில் தன் வயிற்றைத்தான் நிரப்பிக்கொள்ளும். சின்னத் தூறலோடு வானம் நின்றுவிட்டால் அந்த ஈரத்துக்கு விதையோடும் வேரோடும் அதுவே போட்டி போடும்.

தக்காளி, கத்திரி நாத்துல வேரை முக்கி நடலாமாமே?

நடலாம். செலவு மிகக் குறைவான முறை இது. லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், மாவுப் பதத்தில் இருக்கும் ஜெல்லாகப் பார்த்துக் கரைத்து, அரை மணி விடுங்கள். கூழ் பதத்துக்கு வரும். பிடுங்கிய நாற்றின் வேரை அதில் முக்கி எடுத்து உடனே நடுங்கள். நாற்றைப் பிடுங்கி வரப்பில் வைத்துவிட்டுச் சால் ஓட்டும் நேரத்தில் மெல்லிய வேர்கள் காய்ந்துபோவதை இது தடுக்கும்.

இலவம்பாடி முள்ளு கத்திரிக்குப் போடலாமா என்று அணைக்கட்டு பக்கத்தில் அடிக்கடி கேட்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம் என்பதால் இப்போது நாற்றுக்குத் தனி மரியாதை. வேர் முக்கி நடுவது எல்லாக் கத்திரிக்கும் ஒன்றுதான், அதற்கும் செய்யலாம். நடவை மட்டும் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க போர் தண்ணி உப்பு. வேலை செய்யுமா?

நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் ஜெல் வாங்கக் கூடாது. பாலாற்றோரம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த வழக்கு அது. அந்தத் தண்ணீரில் சோடியமும் குளோரைடும் ஏகம். ஆலை இல்லாத ஊர்களிலும் ஆழமான போரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக வருவது உண்டு. உப்பு ஏற ஏற ஜெல் விரிவது குறையும். சோடியத்தைவிடக் கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் மோசம், ஜெல்லின் சங்கிலிகளை இறுக்கிக் கட்டிவிடும்.

வீட்டில் சோதிக்கும் வழி இது. நகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ சொல்லி ஒவ்வொரு கிராமாக இரண்டு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில், இன்னொன்றை ஒரு லிட்டர் போர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் பழைய வேட்டித் துணியில், பிழியாமல், தானாக வடியவிட்டு மிச்சத் தண்ணீரை அளந்து பாருங்கள். மழைத்தண்ணீரில் 650 மி.லி. மிச்சமிருந்தால் ஜெல் 350 மடங்கு எடுத்திருக்கிறது, சரக்கு நல்ல சரக்கு. போர் தண்ணீரில் 900 மி.லி. மிச்சம் என்றால் உங்கள் கொல்லியில் அது 100 மடங்குதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு செலவு கட்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

மல்லாட்டைக்கு ஜிப்சம் போடறோமே, அது ஜெல்லைக் கெடுக்குமா? யூரியா?

ஜிப்சம் கெடுக்கும். அது கால்சியம் சல்பேட், கால்சியம் என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். மல்லாட்டைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அவ்வளவு கால்சியத்துக்கு முன்னால் இரண்டு கிலோ ஜெல் தாக்குப்பிடிக்காது. இதற்காக ஜிப்சத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காய் திரண்டு பருப்பு நிறைவதற்குக் கால்சியம் வேண்டும், இல்லாவிட்டால் பொக்கைதான். இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜிப்சம்.

யூரியா அப்படி இல்லை. தண்ணீரில் கரைந்தாலும் அது உப்பாகப் பிரியாது என்பதால் ஜெல்லின் விரிவைப் பெரிதாகக் குறைக்காது. பொட்டாஷ், டிஏபி போன்றவை குறைக்கும். அவற்றை ஜெல்லோடு கலந்து ஒரே குழியில் கொட்டாமல், பிறகு கொஞ்சம் தள்ளி வட்டமாக வையுங்கள். ரைசோபியம் போன்ற உயிர் உரங்களோடு தகராறு இல்லை.

எங்களுது களிமண்ணு. போடலாமா?

தேவையில்லை. களிமண் தானே தண்ணீர் பிடிக்கும், அங்கே குறை காற்றோட்டம்தான். ஜெல் அதை இன்னும் மோசமாக்கும். மணற்பாங்கான செம்மண்ணுக்கும் சரளைக்கும்தான் இது.

உரம் மாதிரி மேலாக இறைச்சு வுட்டா ஆகாதா?

ஆகாது. வெயிலில் கிடந்தால் சூரிய ஒளியே சங்கிலிகளை அறுத்துவிடும், மழை வந்தால் அடித்துக்கொண்டு போகும். விதைப்பில் போடுவதானால் காய்ந்த மணல் அல்லது மண்ணோடு ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து சாலில் விழும்படி விட்டு மண்ணை மூடுங்கள்.

டயாப்பர்ல இருக்கிறதும் இதுதானாமே? அதைப் பிரிச்சுப் போட்டா காசு மிச்சம்தானே?

ஒரே குடும்பம்தான், ஆனால் அதில் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். சோடியம் மெல்ல மண்ணுக்குள் இறங்கினால் மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாய்கிற கொல்லியில் இது வேண்டாத வேலை. பயன்படுத்திய டயாப்பரில் கழிவும் கிருமியும் வேறு. விவசாயத்துக்கென்று விற்பவை பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாக இருக்கும்.

கண்ணாடிக் குடுவையில் அழகுக்குப் போடுகிற கலர் உருண்டைகளையும் சிலர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவை நிலத்துக்கு வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த உருண்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. விவசாய ஜெல் பாக்கெட்டையும் குழந்தை கைக்கும் ஆடு மாடு வாய்க்கும் எட்டாத இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தூளைக் கையாளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தரையில் சிந்தி ஈரம் பட்டால் பயங்கரமாக வழுக்கும்.

மண்ணுக்கு விஷமாயிடுமா? எத்தினி வருஷம் கிடக்கும்?

விஷம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறதென்றால், பாலிஅக்ரிலமைடு வகையைத் தயாரிக்கும் மூலப்பொருளான அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கக்கூடியது. ஜெல்லாக மாறிய பிறகு அந்தக் குணம் இல்லை. ஆனால் தயாரிப்பு சரியில்லாவிட்டால் மூலப்பொருள் கொஞ்சம் மிச்சம் தங்கலாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நான் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

எவ்வளவு காலம் என்பது மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து பிடிப்புத்திறன் குறைந்துகொண்டே வரும். உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். பூசா ஜெல்லைப் பருவப் பயிருக்கு ஒரு பருவம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்கும் வேலை முடிந்ததும் பொருளும் மறைந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். மாவு, செல்லுலோஸ் பாகத்தை நுண்ணுயிர்கள் சாப்பிட்டுவிடும், அக்ரிலேட் சங்கிலியை அவை மிக மெதுவாகத்தான் அறுக்கும். "முழுக்க மக்கும்" என்று அட்டையில் போட்டிருந்தால் எத்தனை மாதத்தில், எந்தச் சோதனைப்படி என்று கேளுங்கள். கன்று ஒன்றுக்கு ஒரே முறை 50 கிராம் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. வருஷா வருஷம் கொல்லி முழுக்க இறைப்பதில் தயக்கம் உண்டு.

இயற்கை விவசாயம் பண்றோம், சான்றிதழ் இருக்கு. போடலாமா?

அங்ககச் சான்றிதழ் விதிகள் செயற்கைப் பொருளை ஏற்பதில்லை, அக்ரிலேட் செயற்கைதான். உங்களுக்குச் சான்று கொடுத்தவர்களிடம் பொருளின் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள்.

கடையில எதைப் பார்த்து வாங்கறது?

எந்த வகை, எந்தப் பயன்பாட்டுக்கு, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி இவை நான்கும் இருக்க வேண்டும். பொட்டாசியமா சோடியமா என்று கேளுங்கள். கால் கிலோ மட்டும் வாங்கி, மேலே சொன்ன இரண்டு பாத்திரச் சோதனையைச் செய்துவிட்டு மிச்சம் வாங்குங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண், தண்ணீர் சோதனை முடிவோடு போய்க் கேட்டால் உங்கள் நிலத்துக்கு எது சரி என்று சொல்வார்கள்.

ஜெல்லு வேணாம்னா மானாவாரிக்கு வேற என்னா பண்றது?

முதலில் வரப்பு. 25 மி.மீ. மழை பெய்தால் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. வரப்பு உடைந்து பத்தில் ஒரு பங்கு ஓடினால் போனது 10,000 லிட்டர். இரண்டு கிலோ ஜெல் பிடிக்கிற 700 லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஆள் ஒரு நாள் மண்வெட்டியோடு நின்றால் தடுத்திருக்கலாம். சித்திரையில் கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே ஒரு உழவு ஓட்டிவிட்டால், ஆடி மழை மண்ணுக்குள் இறங்கும்.

அடுத்தது ஏரி வண்டல். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், டிராக்டர் வாடகை மட்டும்தான் செலவு. மணல் கொல்லியில் வண்டல் அடித்தால் அதன் பலன் பல வருஷம் நிற்கும். காவேரிப்பாக்கம் ஏரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது இன்றைக்கு மாடு குறைந்த வீடுகளில் கஷ்டம்தான். முடிந்த அளவு போடுங்கள். மக்கிய தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், மண்ணுக்குச் சத்தும் சேரும். பச்சையாகப் போடாமல் மக்க வைத்துப் போட வேண்டும்.

கன்றுகளுக்கு மூடாக்கு கட்டாயம். ஜெல் போட்டாலும் போடாவிட்டாலும் மல்லாட்டைக் கொடி, கரும்புச் சோகை, காய்ந்த சருகு எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல். சுட்ட மண்பானையைக் கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவைப்பது பழைய முறை, இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. போரில் கொஞ்சமாவது தண்ணீர் இருந்தால் சொட்டுநீர் போடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது.

போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியலையே?

நல்ல மழை பெய்த வருஷம் என்றால் வித்தியாசம் தெரியாது, தெரியவும் கூடாது. மண்ணிலேயே ஈரம் இருக்கும்போது ஜெல்லுக்கு வேலை இல்லை. அது இல்லையென்றால், மேலாகப் போட்டிருக்கலாம், ஒரே இடத்தில் கொட்டியிருக்கலாம், தண்ணீர் உப்பாக இருக்கலாம், முதல் தண்ணீரை அவசரமாக ஊற்றியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே பதில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் விட்டுவைக்காமல் எல்லாக் குழியிலும் போட்டுவிட்டால் எதுவும் தெரியாது. அடுத்த முறை ஒரே வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகச் சில குழிகளை ஜெல் இல்லாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தண்ணீர், எரு, மூடாக்கு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பங்குனியில் எந்தக் கன்றின் துளிர் முதலில் தொங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் ஜெல் போட்ட ஒரு குழியை ஓரமாக, வேர் அறுபடாமல் ஒரு சாண் தோண்டுங்கள். குருணை ஊறிப் பருத்து, சல்லி வேர் அதற்குள் ஓடியிருந்தால் வேலை நடக்கிறது. குருணை காய்ந்தபடியே மண்ணோடு கிடந்தால் விட்ட தண்ணீர் அந்த ஆழத்துக்கு வரவே இல்லை. பாத்தியை அகலமாக்கி, தண்ணீரைப் பிரித்துப் பிரித்து விடுங்கள்.